மழைக்காலத்தில் 13 சதவீதம்: வயல் தரவைக் கைவிடலாமா?

வேளாண் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. வயல்களின் நிலத்தடி வடிகால் குழாய்களிலிருந்து வரும் நீரில் உள்ள நைட்ரேட்டை மரச்சில்லுப் படுக்கையின் வழியே செலுத்தி, அங்கே வாழும் நுண்ணுயிரிகளைக் கொண்டு நீக்குவது அவருடைய ஆய்வுப்பொருள். ஆய்வகத்தில் மரச்சில்லு நிரப்பிய 12 குழாய்களில், 22 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 48 மணி நேரம் நீர் தங்கும்படி செய்தபோது 90 சதவீத நைட்ரேட் நீங்கியது. அதே சில்லுகளைக் கொண்டு வயலோரத்தில் 50 கன மீட்டர் கொள்ளளவில் ஒரு படுக்கை அமைத்தார். வறண்ட மாதங்களில் அங்கே 80 சதவீதம் நீங்கியது. மழை மாதங்களிலோ உள்ளே லிட்டருக்கு 15 மில்லிகிராமாக நுழைந்த, நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜன் 13 மில்லிகிராமாக வெளியேறியது, அதாவது 13 சதவீதமே நீங்கியது. ‘என் படுக்கை தோற்றுவிட்டதா? வயல் அத்தியாயத்தை விட்டுவிட்டு ஆய்வகக் கட்டுரையை மட்டும் அனுப்பலாம் என்று நெறியாளர் சொல்கிறார். இன்னும் ஓராண்டே மீதமிருக்கிறது. தலைப்பையே மாற்றிக்கொள்ள வேண்டுமா?’ என்று கேட்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

தலைப்பை மாற்ற வேண்டாம், வயல் அத்தியாயத்தையும் நீக்க வேண்டாம். உங்கள் ஆய்வேட்டின் மதிப்பு மிக்க பகுதி எதுவென்று கேட்டால், நீங்கள் வெட்கப்பட்டு ஒதுக்க நினைக்கும் அந்த மழைக்கால எண்களைத்தான் காட்டுவேன். ஏன் என்பதை உங்கள் கடிதத்தில் இருக்கும் அளவுகளை வைத்தே கணக்கிட்டுப் பார்ப்போம்.

வறண்ட மாதங்களில் படுக்கைக்குள் வினாடிக்கு 0.2 லிட்டர் நீர் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது நாளொன்றுக்கு 17.28 கன மீட்டர். செறிவு 15 மில்லிகிராமிலிருந்து 3 மில்லிகிராமாகக் குறைந்ததால் ஒவ்வொரு கன மீட்டரிலும் 12 கிராம் நைட்ரஜன் நீங்கியது. ஆகவே நாளுக்கு ஏறத்தாழ 207 கிராம். மழை மாதங்களில் வினாடிக்கு 1.5 லிட்டர், அதாவது நாளுக்கு 129.6 கன மீட்டர். இங்கே ஒரு கன மீட்டருக்கு 2 கிராம்தான் நீங்கியது என்றாலும் நாளின் மொத்தம் 259 கிராம். 80 சதவீதம் என்று நீங்கள் பெருமைப்பட்ட நாட்களைவிட 13 சதவீதம் என்று வருந்திய நாட்களில் உங்கள் படுக்கை அதிக நைட்ரஜனை நீக்கியிருக்கிறது. ஓடைக்கும் அதன் கீழேயுள்ள ஏரிக்கும் சதவீதம் தெரியாது. அவற்றுக்குள் எத்தனை கிராம் வந்து சேர்கிறது என்பதே அங்கே பாசி பெருகுவதையும் நீரில் ஆக்சிஜன் குறைவதையும் தீர்மானிக்கிறது.

இதே கணக்கைப் படுக்கையின் ஒரு கன மீட்டருக்கு மாற்றிப் பாருங்கள். வறட்சியில் நாளுக்கு 4.1 கிராம், மழையில் 5.2 கிராம். உங்கள் ஆய்வகக் குழாய்களில் 48 மணி நேரத்தில் லிட்டருக்கு 13.5 மில்லிகிராம் நீங்கியது. சில்லுகளுக்கு இடையிலான வெற்றிடம் 70 சதவீதம் என்று நீங்கள் கொடுத்த அளவை வைத்தால் அங்கேயும் ஒரு கன மீட்டருக்கு நாளுக்கு ஏறக்குறைய 4.7 கிராம்தான். 90, 80, 13 என்று சதவீதத்தில் பெரிதும் விலகி நின்ற மூன்று எண்களும் ஒரே வரிசையில் வந்து நின்றுவிட்டன. மரச்சில்லுப் படுக்கைகள் பற்றி லூயிஸ் ஷிப்பரும் உடன் ஆய்வாளர்களும் 2010-ல் வெளியிட்ட தொகுப்புரையில் நாளுக்கு, கன மீட்டருக்கு 2 முதல் 22 கிராம் வரை என்ற வீச்சு காட்டப்பட்டிருக்கிறது. உங்கள் மூன்று அளவுகளும் அந்த வீச்சுக்குள்ளேயே இருக்கின்றன.

சதவீதம் ஏன் சரிந்தது என்பதற்கு மர்மம் எதுவும் இல்லை. 50 கன மீட்டர் படுக்கையில் நீர் நிற்கக்கூடிய இடம் 35 கன மீட்டர். வறட்சியில் அந்த நீர் இரண்டு நாட்கள் தங்கியது; மழையில் ஆறரை மணி நேரம்தான் தங்கியது. நுண்ணுயிரிகள் தங்கள் வேகத்தில் உண்டுகொண்டே இருந்தன, பந்தியில் விருந்து மட்டும் பெருகிவிட்டது. நைட்ரேட் தாராளமாக இருக்கும்வரை இந்த வினையின் வேகம் நைட்ரேட்டின் செறிவைப் பெரிதாகச் சார்ந்திருப்பதில்லை. மரத்திலிருந்து கரையும் கரிமத்தையும் வெப்பநிலையையுமே சார்ந்திருக்கிறது. செறிவு லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமாகத் தாழ்ந்த பிறகுதான் நைட்ரேட்டின் பற்றாக்குறை வேகத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்குகிறது.

இங்கேதான் உங்கள் ஆய்வகக் குழாய்களைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இவ்வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது இத்துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் கணிப்பு. மழைக்காலத்தில் உங்கள் வடிகால் நீர் 14 டிகிரியில் இருந்தது. குழாய்கள் 22 டிகிரியில் இருந்தன. அப்படியானால் குழாய்கள்தான் அதிக வேகத்தைக் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை. 48 மணி நேரத்தின் பிற்பகுதியில் நைட்ரேட் மிகக் குறைந்துபோய் நுண்ணுயிரிகள் உணவின்றிக் காத்திருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். குழாயின் நீளத்தில் நான்கைந்து இடங்களில் துளையிட்டு மாதிரி எடுத்தால், நைட்ரேட் எந்த மணியில் குறைந்து தளர்கிறது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். 90 சதவீதம் என்ற அழகான எண், குழாயின் உண்மையான திறனை மறைத்துக்கொண்டிருக்கக்கூடும். நெறியாளர் அனுப்பச் சொல்லும் ஆய்வகக் கட்டுரை இந்தச் சோதனை இல்லாமல் போனால் நல்ல மதிப்பீட்டாளர் முதல் கேள்வியாக இதையே கேட்பார்.

இவ்வளவு சொன்ன பிறகு உங்கள் மகிழ்ச்சியைச் சற்றே நிறுத்திவைக்கச் சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறேன். மழைக்காலத்து 259 கிராம் என்பது 15-க்கும் 13-க்கும் உள்ள வேறுபாட்டின் மேல் நிற்கிறது. உங்கள் நைட்ரேட் அளவீட்டில் 5 சதவீதப் பிழை இருப்பதாகக் கொண்டால் 15 என்பதில் 0.75, 13 என்பதில் 0.65, இரண்டும் தனித்தனியே நிகழும் பிழைகள் என்றால் வேறுபாட்டின் பிழை ஏறத்தாழ 1 மில்லிகிராம். அதாவது நீங்கள் நீக்கியதாகச் சொல்லும் 2 மில்லிகிராமில் பாதி ஐயத்திற்கு உரியது. இரண்டு பெரிய எண்களின் சிறிய வேறுபாட்டை நம்பி நிற்கும் எந்த ஆய்வுக்கும் இந்த இடர் உண்டு, அதற்கு வழிகளும் உண்டு. நுழைவு நீரையும் வெளியேறும் நீரையும் ஒரே நாளில், ஒரே அளவுத்திருத்தக் கோட்டின் கீழ், இடையிடையே மாற்றி வைத்து அளந்தால் கருவியின் பொதுவான சாய்வு இரண்டிலும் ஒரே திசையில் விழுந்து பெரும்பாலும் கழிந்துவிடும். மழைக்கால மாதிரிகள் ஒவ்வொன்றையும் இரட்டையாக எடுங்கள், மாதிரிகளின் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். அட்டவணையில் 259 என்று மொட்டையாக எழுதாமல் அதன் பிழை வீச்சையும் சேர்த்து எழுதுங்கள். வீச்சு பெரிதாக இருப்பது குறையாகாது, அதை மறைப்பதுதான் குறை.

மாதிரிப் புட்டிகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. தானியங்கி மாதிரி எடுப்பான் ஒரு வாரம் வெயிலில் நின்ற பெட்டிக்குள் நீரைச் சேர்த்து வைத்திருந்தால் அந்தப் புட்டிக்குள்ளும் நுண்ணுயிரிகள் வேலை செய்துகொண்டேதான் இருந்திருக்கும். உடனே 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடிகட்டிக் குளிரில் வைப்பதும், இரண்டு நாட்களுக்குள் அளப்பதும், முடியாவிட்டால் உறைய வைப்பதும் சிறிய ஒழுங்குகள். இவற்றைக் கடைப்பிடிக்காத ஆய்வில் படுக்கை நீக்கியது எவ்வளவு, புட்டி நீக்கியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதுபோலவே நைட்ரேட்டாகச் சொல்கிறீர்களா, நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனாகச் சொல்கிறீர்களா என்பதை ஒவ்வொரு அட்டவணையின் தலைப்பிலும் எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே 4.43 மடங்கு வேறுபாடு. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் 50 மில்லிகிராம் நைட்ரேட் என்பதும் 11.3 மில்லிகிராம் நைட்ரஜன் என்பதும் ஒன்றே. உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் 66 என்று ஓர் எண் வருகிறது. அது 15-ஐ 4.43-ஆல் பெருக்கிய விடை என்று நானாகவே ஊகித்துக்கொண்டேன். தேர்வாளர் ஊகிக்க வேண்டிய நிலையை வைக்காதீர்கள்.

அடுத்தது நீரோட்டம். என் அனுபவத்தில் மாணவர்கள் செறிவை அளப்பதற்குச் செலவிடும் கவனத்தில் கால்பங்கைக்கூட ஓட்டத்தை அளப்பதற்குச் செலவிடுவதில்லை. சுமை, அதாவது நீர் சுமந்து செல்லும் நைட்ரஜனின் மொத்த அளவு, இரண்டின் பெருக்கல் என்பதால் ஒன்றில் வரும் பிழை மற்றொன்றின் துல்லியத்தை வீணாக்கிவிடும். ஓட்டத்தை அளக்க நீங்கள் பயன்படுத்தும் 90 டிகிரி முக்கோண வெட்டுத் தகட்டில் ஓட்டம், நீர்மட்ட உயரத்தின் இரண்டரை அடுக்காக ஏறுகிறது. வினாடிக்கு 1.5 லிட்டர் ஓடும்போது வெட்டின் முனைக்கு மேல் நீர் ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டர் நிற்கும், 0.2 லிட்டர் ஓடும்போது 3 சென்டிமீட்டர்கூட நிற்காது. அந்த 3 சென்டிமீட்டரில் 2 மில்லிமீட்டர் தவறாகப் படித்தால் ஓட்டத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் பிசகும். அத்துடன், உயரம் அவ்வளவு தாழும்போது நீர் தகட்டை விட்டுத் தெறித்து விழாமல் அதன் முகத்தில் ஒட்டி வழியத் தொடங்குவதால் சூத்திரமே பொருந்தாமல் போகிறது. ஆகவே வறண்ட மாதங்களில் வாரம் ஒருமுறை 10 லிட்டர் வாளியும் நிறுத்துகடிகாரமும் எடுத்துப் போய் நேரடியாக அளந்து சரிபாருங்கள். வினாடிக்கு 0.2 லிட்டர் என்றால் வாளி நிறைய 50 வினாடி ஆக வேண்டும். இந்த எளிய சோதனையை எத்தனை முறை செய்தீர்கள் என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதினால் உங்கள் வறண்டகால எண்களின் மீது படிப்பவருக்கு நம்பிக்கை பிறக்கும்.

இதை வலியுறுத்துவதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் மாணவப் பருவத்தில் ஓர் ஆண்டு முழுவதும் அழுத்த உணரி ஒன்றை நம்பி வடிகால் நீர்மட்டத்தைப் பதிவுசெய்தேன். வளிமண்டலத்தோடு காற்றுக்குழல் வழியாக இணைக்கப்படாத உணரி அது. நீரின் அழுத்தத்தோடு காற்றின் அழுத்தத்தையும் கூட்டிக் காட்டும். வளியழுத்தத்தைத் தனியே பதிவுசெய்து கழிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் நீர்மட்டத்தில் 1 சென்டிமீட்டர் மாறியதாகத் தெரியும். ஒரு புயற்சின்னம் கடக்கையில் 10 ஹெக்டோபாஸ்கல் மாறுவது இயல்பு. நான் அளக்க வேண்டிய உயரமே 6, 7 சென்டிமீட்டர்தான். மழைக்கு முன் காற்றழுத்தம் இறங்கும்போது என் பதிவில் ஓட்டம் குறைந்தது, வானம் தெளிந்து அழுத்தம் ஏறும்போது ஓட்டம் பெருகியது. அதை ஏதோ மண்ணின் பண்பு என்று விளக்கி நான்கு பக்கங்களும் எழுதிவிட்டேன். அருகிலிருந்த வானிலை நிலையத்தின் மணிக்கணக்குப் பதிவுகள் கிடைத்ததால் அந்த ஆண்டைக் காப்பாற்ற முடிந்தது. நான்கு பக்கங்களைக் காப்பாற்ற முடியவில்லை. உங்கள் உணரி எவ்வகையென்று இன்றே பாருங்கள்.

படுக்கைக்குள் நீர் எப்படிப் போகிறது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆறரை மணி நேரம் என்று மேலே நான் சொன்னது கொள்ளளவை ஓட்டத்தால் வகுத்துப் பெற்ற கணக்கு. நீர் மேற்புறமாக ஒரு வழியை அமைத்துக்கொண்டு மூன்று மணி நேரத்தில் ஓடிவிட, மூலைகளிலும் அடிப்பகுதியிலும் அசைவற்ற நீர் தேங்கி நிற்கலாம். நுழைவாயிலில், நீரின் போக்கைக் காட்டும் தடங்காட்டியாகப் பொட்டாசியம் புரோமைடு கரைசலை ஒரே முறையில் ஊற்றி, வெளிவாயிலில் புரோமைடின் செறிவு ஏறி இறங்குவதைத் தொடர்ந்து அளந்தால் உண்மையான தங்கும் நேரமும் எவ்வளவு இடம் வீணாகிறது என்பதும் தெரியும். ஊற்றிய புரோமைடில் எத்தனை பங்கு திரும்ப வந்தது என்றும் கணக்கிடுங்கள். முழுவதும் வரவில்லையென்றால் படுக்கையின் உறை எங்கோ கசிகிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. கசிவில் நீர் போனாலும் அதை நைட்ரேட் நீக்கம் என்று எண்ணி ஏமாற வாய்ப்பிருக்கிறது. தங்கும் நேரம் தெரிந்த பின் இன்னொன்றும் திருத்திக்கொள்ளலாம்: ஒரே நொடியில் உள்ளேயும் வெளியேயும் எடுத்த இரு மாதிரிகள் ஒரே நீரைச் சேர்ந்தவை அல்ல. வறட்சியில் வெளியே வரும் நீர் முந்தாநாள் நுழைந்தது. நுழைவுச் செறிவு நாளுக்கு நாள் மாறும் காலத்தில் இந்தப் பின்னடைவைச் சேர்க்காமல் ஒப்பிட்டால் இல்லாத நீக்கம் தோன்றும், இருக்கும் நீக்கம் மறையும்.

பெருமழையில் மிகைநீர் படுக்கையைத் தொடாமல் மாற்றுக் குழாய் வழியாக ஓடைக்குப் போகிறது என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அதையும் அளந்தாக வேண்டும். படுக்கைக்குள் வந்த நைட்ரேட்டில் எவ்வளவு நீங்கியது என்பது ஒரு கேள்வி; வயலிலிருந்து வெளியேறிய மொத்த நைட்ரேட்டில் எவ்வளவு நீங்கியது என்பது வேறொரு கேள்வி. நிலத்தின் உரிமையாளருக்கும் ஓடையைக் காக்க வேண்டியவருக்கும் இரண்டாவதுதான் முக்கியம், பொறியாளராகப் படுக்கையின் அளவைத் தீர்மானிக்கப்போகும் உங்களுக்கும் அப்படித்தான்.

நீங்கிய நைட்ரஜன் எங்கே போனது என்பதையும் காட்டுங்கள். நைட்ரேட் குறைந்துவிட்டது என்பதாலேயே அது நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலந்தது என்று பொருளாகாது. ஒரு பகுதி அம்மோனியமாக மாறி வெளியேறலாம். ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகப் பாதியிலேயே நின்றுவிடலாம். நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் ஏறத்தாழ 273 மடங்கு புவியை வெப்பமாக்கும் என்று பன்னாட்டுக் காலநிலை அறிக்கை கூறுவதால், ஓடையைக் காப்பாற்றிக் காற்றைக் கெடுத்துவிட்டோமா என்ற கேள்விக்கு விடை தேவைப்படுகிறது. ஒவ்வொரு மாதிரியிலும் அம்மோனியம் அளப்பது எளிது. கரைந்த நைட்ரஸ் ஆக்சைடுக்கு மாதம் ஒருமுறை போதும். வறண்ட மாதங்களில் வெளிவாயிலருகே அழுகிய முட்டை நாற்றம் வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வந்திருந்தால் படுக்கையின் சில இடங்களிலாவது நைட்ரேட் முழுவதும் தீர்ந்து நுண்ணுயிரிகள் சல்பேட்டை உண்ணத் தொடங்கிவிட்டன என்று பொருள். அந்த நிலையில் நீரில் பாதரசம் இருந்தால் அது மெத்தில் பாதரசமாக மாறும் அபாயமும் உண்டு. நீர் அதிகமாகத் தங்குவதும் நன்மையல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை.

புள்ளியியலில் ஓர் எச்சரிக்கை. வயலில் உங்களிடம் 214 மாதிரிகள் இருக்கின்றன, படுக்கை ஒன்றுதான் இருக்கிறது. 214 மாதிரிகளை 214 மறுசெய்கைகளாக, அதாவது தனித்தனிப் படுக்கைகளில் செய்த சோதனைகளாகக் கொண்டு முக்கியத்துவச் சோதனை நடத்தினால், சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-லேயே பெயரிட்டுக் காட்டிய போலி மறுசெய்கை என்ற பிழையில் விழுவீர்கள். ஒரே படுக்கையிலிருந்து பொதுவிதி சொல்ல முயலாமல், இந்தப் படுக்கையில் ஓட்டமும் வெப்பமும் மாறும்போது நீக்கும் வேகம் எப்படி மாறுகிறது என்று காலத்தொடராகக் கூறுங்கள். மறுசெய்கை தேவைப்படும் கேள்விகளை உங்கள் 12 குழாய்களிடம் கேளுங்கள். அவற்றில் மூன்றை 14 டிகிரியில், ஆறரை மணி நேரத் தங்கலில் ஓட்டினால் வயலும் ஆய்வகமும் முதன்முறையாக ஒரே நிபந்தனையில் சந்திக்கும். புதிய சில்லுகள் முதல் ஆண்டில் எளிதில் கரையும் கரிமத்தை அதிகமாகக் கொடுத்துப் பிறகு தளர்வது வழக்கம் என்பதால், குழாயில் நிரப்பும் சில்லுகளைப் புதிதாக வாங்காமல் வயல் படுக்கையிலிருந்தே தோண்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

நெறியாளரைப் பற்றி. அவர் உங்கள் வயல் உழைப்பை மதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 13 சதவீதம் என்ற எண் மட்டும் என் முன் வைக்கப்பட்டிருந்தால் நானும் அவரைப் போலவே சொல்லியிருக்கக்கூடும். அடுத்த சந்திப்புக்கு விளக்கவுரை எதுவும் கொண்டு போகாதீர்கள். ஒரே தாளில் ஒரு வரைபடம் போதும்: கிடையச்சில் தங்கும் நேரம், செங்குத்தச்சில் நாளுக்குக் கன மீட்டருக்கு நீங்கிய கிராம், புள்ளிகளின் நிறம் நீரின் வெப்பநிலை, ஒவ்வொரு புள்ளிக்கும் பிழைக்கோடு. ஆய்வகக் குழாய்களையும் அதே படத்தில் வேறு குறியால் வையுங்கள். அதைப் பார்த்த பிறகும் அவர் மறுத்தால் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கவனிக்காத குறை ஒன்றை அவர் கண்டிருக்க வாய்ப்புண்டு.

ஓராண்டு போதுமா என்று கேட்டீர்கள். போதும், ஆனால் வேலைகளின் வரிசை முக்கியம். குழாயில் இடைத்துளை மாதிரிகள் ஒரு வாரம். அழுத்த உணரியின் பழைய பதிவுகளைத் திருத்துவது ஒரு மாதம். புரோமைடு சோதனையை இரண்டு வெவ்வேறு ஓட்டங்களில் செய்ய வேண்டும், தாழ்ந்த ஓட்டத்துக்கான முதல் சோதனைக்கு இப்போதுள்ள வறண்ட வாரங்கள்தான் தகுந்தவை. இரண்டாவதை மழை பிடித்து வடிகால் வினாடிக்கு 1 லிட்டரைத் தாண்டிய பிறகு செய்யுங்கள். மாற்றுக் குழாயின் வாயில் ஒரு வெட்டுத் தகடும் உணரியும் பொருத்தும் வேலை மட்டும் மழைக்கு முன் முடிந்தாக வேண்டும், ஏனென்றால் அந்தத் தரவை எடுக்க உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு மழைக்காலம்.